தீயைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி

போன வாரம் ஒரு அம்மா பழைய தோடு ஒரு ஜோடி கொண்டு வந்தாங்க. ஏழு சிவப்புக்கல் வச்சது, அவங்க மாமியாரோடதாம். ஒரு தோட்டுல தண்டு ஆடுது தம்பி, கொஞ்சம் பத்த வச்சுக் குடுங்க, மார்க்கெட் போயிட்டு அரை மணி நேரத்துல வந்துர்றேன்னாங்க. நான் லென்ஸை வச்சுப் பாத்தேன். தண்டோட அடியில சுத்தியும் சாம்பல் கலர்ல ஒரு படிவு. ஊசி முனையால லேசாக் கீறினா அப்படியே இறங்குது. யாரோ எப்பவோ ஈயம் வச்சு ஒட்டியிருக்காங்க. அரை மணி நேரத்துல ஆகாதுங்கம்மா, மூணு நாள் வேணும்னு சொன்னேன். அவங்க முகம் சுருங்கிப் போச்சு, ஒரு தண்டு வைக்க மூணு நாளான்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அவங்களை உக்கார வச்சு பதில் சொன்னேன், ஆனா சொன்னது பாதிதான், மீதியை இங்க எழுதறேன்.

ஈயமும் வெள்ளீயமும் 330 டிகிரிக்குள்ளயே உருகிரும். தங்கத்தை ஒட்ட நாங்க உருக்கி வைக்கிற உலோகக் கலவையைப் பொடின்னு சொல்வோம், அது ஓடணும்னா 700, 800ன்னு போகணும். அந்தச் சூட்டுல ஈயம் ஆவியாப் போயிரும்னு நெறைய பேர் நினைக்கறாங்க, போகாது, தங்கத்துக்குள்ள இறங்கி அதைத் தின்ன ஆரம்பிச்சுரும், நாம பாத்துட்டு இருக்கும்போதே மேல புள்ளி புள்ளியா குழி விழும், அப்புறம் குழி ஓட்டை ஆகும். வெள்ளிக்கும் இதே கதைதான். இது எனக்கு யாரும் சொல்லித் தெரிஞ்சதில்ல. 1999ல, தொழிலுக்கு வந்து மூணாவது வருஷம், ஒரு மோதிரத்தை இப்படித்தான் கெடுத்தேன். வாங்கினதும் சோப்புத் தண்ணியில கழுவி, பொடி நல்லா ஓடறதுக்கு வெங்காரம் (போராக்ஸ்) தடவி, பொடி வச்சு, தீயைக் காட்டிட்டேன். பத்து செகண்ட் இருக்கும். மோதிரத்தோட அடிப்பக்கம் பூச்சி அரிச்ச இலை மாதிரி ஆகிப்போச்சு. கை நடுங்கிருச்சு எனக்கு. எங்க மாமா, அம்மாகூடப் பிறந்தவர், அவர்தான் எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவர், திட்டவே இல்ல. மோதிரத்தை வாங்கி சாமணத்துல, அதான் சின்ன இடுக்கியில, பிடிச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு, "நீ பாக்காம விட்டத தீ பாத்துருச்சு சாமி"ன்னு மட்டும் சொன்னார். அந்த மோதிரத்துக்குத் தங்கம் அவர் கையில இருந்துதான் போச்சு.

பத்தாவது முடிச்ச கையோட வந்து உக்காந்தேன். கோயமுத்தூர் பெரிய கடை வீதிக்குப் பின்னால ஒரு சந்துல பட்டறை, நாலு பேர் தரையில உக்காந்து வேலை செய்யற இடம். மொத ஆறு மாசம் ஊதுகுழலைத் தொட விடல. செம்புத் தகடு, பித்தளைக் கம்பி, ஒரு ரம்பம், ரெண்டு அரம், இவ்வளவுதான். எனக்கு அப்ப கோவமா வரும், பக்கத்துப் பட்டறையில என் வயசுப் பையன் செயின் ஊதறானேன்னு. மாமாகிட்ட கேட்டா, "கண்ணு, தீ கடைசி வேலை. முன்னாடி இருக்கறத முடிச்சுட்டு வா"ம்பார்.

ரம்பத்துல பிளேடு மாட்டறதே ஒரு பாடம். பல்லு கைப்பிடியைப் பாத்து கீழ் நோக்கி இருக்கணும், இழுக்கும்போதுதான் அறுக்கும். பிளேடைச் சுண்டினா டிங்னு சத்தம் வரணும், மந்தமா வந்தா இன்னும் இழுத்துக் கட்டணும். தேன்மெழுகு கொஞ்சம் தேச்சுக்கணும், ரொம்பத் தேச்சா பொடி ஒட்டி அடைச்சுக்கும். தகடு எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு சின்னப் பல்லு வேணும், எப்பவும் ரெண்டு மூணு பல்லாவது உலோகத்துக்குள்ள இருக்கணும், இல்லைன்னா பல்லு மாட்டி ஒடிஞ்சுரும். நான் மொத நாள் பன்னெண்டு பிளேடு ஒடிச்சேன், மாமா எல்லாத்தையும் ஒரு டப்பாவுல போட்டு வச்சார், சாயந்திரம் எண்ணிக் காட்டினார். நான் அழுத்தறேன், அதான் காரணம். ரம்பத்தோட எடையே அறுக்கப் போதும், கை மேலயும் கீழயும் போய் வந்தா சரி, வளைவுல திரும்பும்போது நின்ன எடத்துலயே அறுத்துக்கிட்டு மெதுவா தகடைத் திருப்பணும். இது சொன்னாப் புரியாது, ஒரு மூணு வாரம் ஆச்சு எனக்கு. ஒரு நாள் திடீர்னு கையில இருந்து பாரம் எறங்கின மாதிரி இருந்துச்சு, அன்னிக்கு ஒரு பிளேடுகூட ஒடியல.

அரம் அதுக்கும் மேல கஷ்டம். தள்ளும்போதுதான் வெட்டும், திரும்ப இழுக்கும்போது தூக்கிரணும், இழுத்துத் தேச்சா பல்லு மழுங்கிரும். புதுசா வர்றவங்க கை ஏத்தம் மாதிரி ஆடும், நேரா இருக்க வேண்டிய ஓரம் உருண்டையா வந்து நிக்கும். எனக்கு மாமா குடுத்த பரீட்சை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு செம்பு வளையத்தை அறுத்து ரெண்டு முனையும் சேத்துக் கொண்டு வரணும். அவர் அதை ஜன்னல்கிட்ட தூக்கிப் பிடிப்பார். நடுவுல முடி அளவு வெளிச்சம் தெரிஞ்சாலும் திருப்பிக் குடுத்துருவார், ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒரே வளையம் எத்தனை தடவை போய் வந்திருக்கும்னு தெரியல, கடைசியில தேஞ்சு தேஞ்சு என் சுண்டு விரலுக்குக்கூடப் போகாத சைஸுக்கு வந்துருச்சு.

எதுக்கு இவ்வளவுன்னா, பொடிங்கறது இடுக்கை அடைக்கற சிமெண்ட் கிடையாது. ரெண்டு முனையும் நெருங்கி இருந்தா உருகின பொடி தானா உள்ள இழுத்துக்கும், விளக்குத் திரியில எண்ணெய் ஏறற மாதிரி. இடைவெளி இருந்தா ஒரு பக்கம் உருண்டு நிக்கும். நெறைய பொடி வச்சு மூடிரலாம், மெருகு போட்டா கண்ணுக்கும் தெரியாது, ஆனா நாலு மாசத்துல செயின் அதே எடத்துல அறுந்து வரும். ரிப்பேருக்கு வர்ற செயின்ல பாதிக்கு மேல இப்படித்தான், அறுந்த கண்ணியை லென்ஸ்ல பாத்தா உள்ள கூடா இருக்கும்.

அப்புறம் ஊதக் கத்துக் குடுத்தார். இப்ப எங்க பாத்தாலும் கேஸ் டார்ச்தான், அப்ப எங்க பட்டறையில விளக்குச் சுடரும் வாயில வச்சு ஊதற குழலும்தான். ஊதற காத்து நிக்கக் கூடாது. கன்னத்துல காத்தைத் தேக்கி அதை வெளிய தள்ளிக்கிட்டே மூக்கால மூச்சு இழுக்கணும். டம்ளர்ல தண்ணி ஊத்தி ஒரு ஸ்ட்ராவைக் குடுத்து, குமிழி நிக்காம ஊதுன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார். கன்னமெல்லாம் ரெண்டு நாள் வலிச்சுது. ஆனா குழல்ல ஊதிப் பழகினவனுக்கு தீயோட நீளம், கூர்மை எல்லாம் உடம்புலயே ஏறிரும், இப்ப டார்ச்சு பிடிக்கும்போதும் எனக்கு அந்தப் பழக்கம்தான் கை குடுக்குது.

வெங்காரத்தைத் தண்ணி விட்டுக் கல்லுல இழைச்சுத் தடவுவோம். சூடு பட்டதும் அது பொங்கும், பொங்கும்போது மேல வச்ச பொடித் துண்டைத் தூக்கித் தள்ளிவிட்டுரும். அவசரப்படறவன் அங்கதான் தோப்பான். தூரத்துல இருந்து மெதுவா காட்டினா பொங்கி அடங்கி அப்புறம் கண்ணாடி மாதிரி படியும், அந்தச் சமயத்துல சாமண முனையால பொடியை அதோட எடத்துக்குத் திருப்பித் தள்ளிரலாம். (பொடி வச்சுப் பேசறான்னு ஊர்ல சொல்றாங்களே, அது நம்ம தொழில்ல இருந்து போன பேச்சுன்னு மாமா பெருமையா சொல்வார்.)

பொடி சூடு எங்க அதிகமோ அங்கதான் ஓடும். தோட்டுத் தண்டையே எடுத்துக்கங்க. தோடு கனம், தண்டு மெலிசு. நேரா தண்டு மேல தீயைக் காட்டினா தண்டுதான் மொதல்ல சிவக்கும், பொடி தோட்டுல ஒட்டாம தண்டு மேல ஏறி மரையை அடைச்சுரும். அப்புறம் திருகாணி ஏறாது. அதனால தோட்டுப் பக்கமே தீயைச் சுத்திச் சுத்திக் காட்டி, ரெண்டும் ஒரே நேரத்துல பழுக்கற மாதிரி கொண்டு வரணும். சூட்டைக் கண்ணுலதான் படிக்கிறோம். மாமா ஊதற எடத்துல ஜன்னலுக்குச் சாக்கு கட்டியிருப்பார், வெயில் வெளிச்சத்துல மங்கின சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. சொக்கத் தங்கம் 1064 டிகிரியில உருகும், சொக்க வெள்ளி 962ல, ஆனா செம்பு கலந்த 92.5 வெள்ளி 800 தாண்டினாலே தளர ஆரம்பிச்சுரும். வெள்ளியில சூடு ஓடிக்கிட்டே இருக்கும், ஒரு மூலையில காட்டினா மொத்தப் பொருளும் குடிச்சுரும், அதனால முழுசையும் சூடாக்கினாத்தான் ஒரு எடத்துல பொடி ஓடும். கொலுசு பண்றவங்க கை எப்பவும் வேகமா இருக்கறதுக்குக் காரணம் இதுதான்னு எனக்குத் தோணும்.

ஊதி முடிச்ச நகையைச் சுத்தம் பண்ண ஆசிட்டுல போட்டு எடுக்கும்போது இரும்புக் குறடு மட்டும் உள்ள போகக் கூடாது, போனா ஆசிட்டுல கரைஞ்சிருக்கற செம்பு வந்து நகை மேல படிஞ்சு சிவப்பாக்கிரும். பையங்களுக்கு இதை நான் தினமும் சொல்றேன்.

உள்கூடா இருக்கற பொருள்னா இன்னும் கவனம். தாலியில கோக்கற குண்டு, பழைய வளையல் இதெல்லாம் உள்ள காலியா இருக்கும், இல்லைன்னா அரக்கு அடைச்சிருக்கும். உள்ள இருக்கற காத்துக்கோ ஈரத்துக்கோ வெளிய வர வழி இல்லாம தீயைக் காட்டினா வெடிச்சுரும். அரக்கு வளையல்னு தட்டிப் பாத்தாத் தெரியும், சத்தம் மொத்தையா வரும். மாமா எந்தக் குண்டு வந்தாலும் மொதல்ல காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாப்பார். நானும் அப்படியே செய்யறேன்.

ஒரு விஷயம் எழுதாம இருக்க முடியல. அந்தக் காலத்துல கே.டி.எம்.னு போர்டு இல்லாத கடை கிடையாது. அது காட்மியம். அதுக்கு முன்னாடி பொடியில தங்கம் கம்மியாப் போட்டாத்தான் சீக்கிரம் உருகும், அதனால நகையைத் திரும்ப உருக்கும்போது மாற்று, அதாவது தங்கத்தோட தரம், குறையும். காட்மியம் சேத்தா 92 சதவீதம் தங்கம் வச்சே பொடி பண்ணலாம்னு வந்ததும் எல்லாரும் அதுக்கு மாறினாங்க. வேலைக்கு அருமையான பொடி, தண்ணி மாதிரி ஓடும். ஆனா காட்மியம் 767 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாகும், அந்தப் புகை நுரையீரலையும் கிட்னியையும் கெடுக்கும். நாங்க தீக்கு ஒரு அடி தூரத்துல மூஞ்சியை வச்சு, மூக்கால மூச்சு இழுத்து இழுத்து ஊதிட்டு இருந்தோம், ஜன்னலுக்குச் சாக்கு வேற. யாரும் எங்ககிட்ட சொல்லல. மாமாவுக்குக் கடைசி வரைக்கும் இருமல் நிக்கல. அதுதான் காரணம்னு எந்த டாக்டரும் எழுதிக் குடுக்கல, நானும் அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா அந்த இருமல் சத்தம் எனக்கு இன்னும் கேக்குது. இப்ப துத்தநாகம், இண்டியம் கலந்த பொடிதான் வாங்கறேன், ஊதற எடத்துக்கு மேல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருக்கேன். இன்னிக்கும் காட்மியம் பொடி வச்சு வேலை செய்யற தம்பிங்க இருந்தா தயவு செஞ்சு விட்டுருங்க, கொஞ்சம் ராவிச் சுத்தமா இணைச்சா மத்த பொடியும் நல்லாத்தான் ஓடும்.

ஹால்மார்க் 2021 ஜூன்ல கட்டாயமானதுக்கப்புறம் ரிப்பேர்ல ஒரு வேலை கூடியிருக்கு. புது நகையில எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறி லேசர்ல இருக்கும், ரொம்பச் சின்னது. மோதிரத்தைச் சின்னதாக்க அறுக்கறதுக்கு முன்னாடி அது எங்க இருக்குன்னு தேடி மை வச்சுக் குறிச்சுக்கறேன், அந்தப் பக்கம் ரம்பமும் போகாது அரமும் போகாது.

சரி, அந்தத் தோடு. மொத நாள் ஏழு கல்லையும் கழட்டினேன். கல்லோட அடிப்பக்கம் மூடிக் கட்டின வேலை, கல்லுக்கு அடியில பளபளக்கற தாள் வச்சிருந்தாங்க, சூடு பட்டா அது கருகிரும், கல்லோட நிறமே செத்துரும். ரெண்டாவது நாள் முழுக்க லென்ஸைக் கண்ணுல மாட்டிக்கிட்டு சுரண்டியால ஈயத்தை எடுத்தேன், மஞ்சள் தெரியற வரைக்கும் சுரண்டி, அப்புறம் இன்னும் கொஞ்சம் சுரண்டி. இதுல ஒரு சங்கடம் இருக்கு. அவங்க முன்னால எடை போட்டப்ப ஈயத்தோட சேத்துத்தான் போட்டேன். இப்ப கல்லையெல்லாம் சேத்து வச்சுப் போட்டாலும் 60 மில்லிகிராம் கம்மியா காட்டுது. சொல்லாம குடுத்தா தங்கத்தை எடுத்துட்டான்னுதானே நினைப்பாங்க, யாரா இருந்தாலும் நினைப்பாங்க. சுரண்டினதை ஒரு துளி விடாம பேப்பர்ல மடிச்சு, மேல எடையை எழுதி வச்சிருக்கேன், வந்ததும் தராசுல போட்டுக் காட்டணும்.

என்கூட ஒரு பையன் இருக்கான், வந்து நாலு மாசம் ஆச்சு. புதுத் தண்டுக்கு அடியை அவனைத்தான் ராவச் சொன்னேன். மூணு தடவை கொண்டு வந்தான், மூணு தடவையும் ஜன்னல்கிட்ட வச்சுப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தேன். ராத்திரி கடை மூடும்போது நாலாவது தடவை கொண்டு வந்தான், ஆனா வெளிய இருட்டிருச்சு. நாளைக்குக் காலையில பாக்கலாம்னு சொல்லி தோட்டையும் தண்டையும் ஒரே டப்பாவுல போட்டு மூடி வச்சேன்.