சரிவில் இறங்கும் வயர்

கோத்தகிரிப் பக்கம் பல வீடுகள் ரோட்டுக்குக் கீழே, சரிவில் இருக்கும். மீட்டர் பாக்ஸ் மேலே; நாங்கள் மரம் அறுப்பது படி இறங்கிக் கீழே. 30 மீட்டர் வயராவது இல்லாமல் வேலை ஆகாது. கட்டிங் மெஷினுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள்கூட இந்த வயரில்தான் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

"அண்ணே, மெஷின் புதுசு. மரத்துல வச்சா திணறுது" என்றான் கூட வேலை செய்யும் தம்பி. நான் வயரைப் பார்த்தேன். டேபிள் ஃபேனுக்குப் போடுகிற 0.75 ஸ்கொயர் எம்எம்; உள்ளே இருக்கும் கம்பியின் தடிமனைச் சொல்லும் அளவு இது. 30 மீட்டர் என்றால் கரண்ட் போய்த் திரும்ப 60 மீட்டர். 1400 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும். அந்த வயரில் 9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 ஸ்கொயர் செம்பு வயரில் 3 வோல்ட்தான் போகும். 9 சின்ன எண்தானே என்று தோன்றும். சில்வர் ஓக் கணுவில் பிளேடு சிக்கும்போது ஆம்பியர் ஏறும், இழப்பும் கூடவே ஏறும். மோட்டார் வேகம் குறைந்தால் அதைக் குளிர்விக்கும் ஃபேனும் மெதுவாகும். அறுக்கிறவன் இன்னும் அழுத்துவான். மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சர் சுருள் கருகுவது இப்படித்தான்.

டிரம்மில் சுற்றிய வயரை முழுவதும் பிரித்துவிட்டுத்தான் மெஷின் போட வேண்டும். மலையில் இது கூடுதலாக ஏமாற்றும். டிசம்பர் குளிரில் மேல்சுற்று தொட்டால் சில்லென்றிருக்கும். உள்சுற்றின் சூடு வெளியேற வழியின்றி இன்சுலேஷன் இளகிக்கொண்டிருக்கும்.

நான் வாங்குவது மூன்று கோர் (உள்ளே மூன்று கம்பி, ஒன்று எர்த்துக்கு), 2.5 ஸ்கொயர், 16 ஆம்பியர் பிளக் டாப். மெஷினில் இரண்டு பின்தானே, எர்த் எதற்கு என்று கேட்பார்கள். இரட்டைக் காப்பு போட்ட டபுள் இன்சுலேஷன் மெஷினுக்கு எர்த் வேண்டாம், சரி. அதே வயரில் மதியம் யாராவது இரும்பு பாடி மோட்டாரைச் சொருகுவார்களே! நிறம் ஆரஞ்சு. தேயிலைச் செடிக்குள் கறுப்பு வயர் கிடந்தால் கவாத்துக் கத்திக்குத் தெரியாது.

இரண்டு வயரை இணைத்தால் அந்த இணைப்பு புல்லில் கிடக்கக் கூடாது. மேலே கட்டித் தொங்கவிடுவேன். மழை பெய்யாத நாளிலும் மூடுபனி போதும், உள்ளே ஈரம் இறங்க. ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லாத வீட்டில் மெஷினை எடுப்பதில்லை. முதல் நாளே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுகிறேன். மாட்டித் தந்தபிறகு வேலை தொடங்கும்.