கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்: விண்ணப்பம் முதல் மூன்றாவது வாரம் வரை கவனிக்க வேண்டியவை

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளக்கூடிய அரசுக் கல்லூரி) இடம் கிடைக்குமா என்ற கவலையே வேண்டாம். 18 வயதாகியிருந்தாலோ, பள்ளிப் படிப்பு முடித்திருந்தாலோ சேரலாம். மாணவர்கள் தடுக்கி விழுவது தேதிகளிலும் படிவங்களிலும்தான். அதனால் அவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் பணம். மாநிலத்தில் வசிப்பவர் என்று பதிவானால் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) 46 டாலர். 2012 கோடையிலிருந்து இதே கட்டணம்தான். மூன்று யூனிட் பாடம் 138 டாலர், முழுநேரக் கணக்கான 12 யூனிட் 552 டாலர். 'வசிப்பவர் அல்ல' என்று பதிவாகிவிட்டால் அதே ஒரு யூனிட் பெரும்பாலான இடங்களில் 300 டாலரைத் தாண்டும். வகுப்புகள் தொடங்குவதற்கு முந்தைய நாளோடு ஓராண்டுக்கு மேல் கலிஃபோர்னியாவில் இருந்திருக்க வேண்டும், இங்கேயே தங்கும் எண்ணத்தைக் காகிதத்தில் காட்டவும் வேண்டும்: மாநில வரித் தாக்கல், வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம். மாணவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் காகிதங்கள். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கானது) இருக்கும் நம்மவர்கள் பலர் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைத்து, கேட்காமலே அதிகக் கட்டணம் கட்டிவிடுகிறார்கள். எச்-4 இதற்குத் தடையில்லை. எஃப்-1 (மாணவர்), பி-2 (சுற்றுலா) விசாக்களுக்குத்தான் பொதுவாகத் தடை. பில் தவறாக வந்தால் அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் மறுபரிசீலனைப் படிவம் வாங்கி, செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

பெயரையும் பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருப்பவர்களுக்கு விசாவில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகியிருக்கும். விண்ணப்பத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டு, பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் சான்று) அது வெறும் இனிஷியலாக இருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று கணினிக்குத் தெரியாது. எல்லாவற்றிலும் ஒரே வடிவம் இருக்கட்டும். உதவித்தொகைக்காகப் போலிப் பெயரில் வரும் விண்ணப்பங்கள் பெருகியதால் அடையாளச் சோதனையும் கடுமையாகிவிட்டது. விண்ணப்பித்து இரண்டு மூன்று நாளில் மாணவர் எண் வரவில்லையென்றால் மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

கணிதம், ஆங்கிலம் இரண்டுக்கும் பழைய நுழைவுத் தேர்வுகள் இப்போது கிடையாது. 2017-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு பள்ளி மதிப்பெண்ணை வைத்து நேரடியாகக் கல்லூரி மட்டப் பாடத்தில் சேர்க்கிறார்கள். இந்தியாவிலோ இலங்கையிலோ படித்து வந்தவர்கள் ஒரு கேள்விப் பட்டியலை நிரப்பித் தாங்களே மட்டத்தைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நடைமுறை. ஆனால் கால்குலஸ் மாதிரி முன்தகுதி கேட்கும் பாடங்களுக்கு, வேறு இடத்தில் படித்த பாடத்தைக் காட்டித் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் பல நாள் பிடிக்கும். பதிவு நாள் காலையில் போர்ட்டல் (கல்லூரியின் இணையப் பதிவுத் தளம்) சிவப்பு எழுத்தில் மறுத்த பிறகு ஓடினால் அதற்குள் வகுப்பு நிரம்பிவிடும். ஓரியண்டேஷனையும் படிப்புத் திட்டத்தையும் முன்கூட்டியே முடித்த புது மாணவர்களுக்குப் பதிவுத் தேதி முன்னதாக வரும். இந்த இரண்டையும் ஒத்திப்போடவே கூடாது.

வகுப்பு நிரம்பியிருந்தால் வெயிட்லிஸ்ட், அதாவது காத்திருப்போர் பட்டியல். நான்காவது ஐந்தாவது இடத்தில் இருப்பவருக்கும் இடம் கிடைப்பது வழக்கம்தான், ஏனென்றால் பதிவு செய்தவர்களில் சிலர் முதல் நாள் வருவதே இல்லை. அதனால் நீங்கள் முதல் வகுப்புக்குக் கட்டாயம் போக வேண்டும். ஆசிரியர் வருகைப் பதிவை முடித்து, வராதவர்களை நீக்கி, வெயிட்லிஸ்ட் வரிசையில் பெயர் கூப்பிட்டு ஆட் கோட் (வகுப்பில் சேர அனுமதிக்கும் எண்) கொடுப்பார். நான்கைந்து இலக்க எண், பெரும்பாலும் ஒருமுறைதான் செல்லும். பலர் சறுக்கும் இடம் இதுதான்: எண் கைக்கு வந்ததும் சேர்ந்தாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். இல்லை. போர்ட்டலில் அந்த வகுப்பைத் தேடி, எண்ணை இட்டு, உறுதிசெய்து, கட்டணமும் கட்டினால்தான் பெயர் ஏறும். எண்ணுக்குக் கெடு உண்டு. அதைத் தவறவிட்டவர் வாரக்கணக்கில் வகுப்புக்கு வந்து வீட்டுப்பாடம் எழுதினாலும் பட்டியலில் பெயர் இருக்காது, மதிப்பெண்ணும் வராது. ஆன்லைன் வகுப்பில் 'முதல் நாள்' என்பது முதல் வாரத்து அறிமுகப் பதிவையோ சிறு வினாவையோ சமர்ப்பிப்பது. உள்ளே நுழைந்து பார்த்தால் மட்டும் போதாது.

பாடம் கடினமாகத் தெரிந்தால் விலகுவதற்கு மூன்று கெடுக்கள். முழு செமஸ்டர் பாடத்துக்குப் பணம் திரும்பக் கிடைப்பது இரண்டாவது வாரம் முடியும் வரை. டிரான்ஸ்கிரிப்டில் சுவடே இல்லாமல் விலகுவது சென்சஸ் தேதிக்கு (கல்லூரி மாணவர்களைக் கணக்கெடுக்கும் நாள்) முன்பு, அதாவது பாடக் காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு முடிவதற்குள். அதன்பிறகு நான்கில் மூன்று பங்கு வரை விலகலாம், ஆனால் டிரான்ஸ்கிரிப்டில் 'டபிள்யூ' (விலகினார் என்ற குறி) விழும். அது சராசரியைக் குறைக்காது என்று பலரும் அலட்சியமாக இருக்கிறார்கள். ஒரே பாடத்தை ஒரே கல்லூரியில் பொதுவாக மூன்று முறைதான் எடுக்கலாம், டபிள்யூவும் அதில் ஒரு முறையாகக் கணக்காகும். கடும் நோய், விபத்து போன்ற காரணம் என்றால் 'இடபிள்யூ' (தக்க காரணத்துடன் விலகியதற்கான குறி) கேளுங்கள், அது கணக்கில் சேராது. எட்டு வாரப் பாடங்களில் இந்தத் தேதிகள் எல்லாம் சுருங்கிவிடும். சென்சஸ் இரண்டாவது வாரத்திலேயே வந்து நிற்கும்.

சேவைகளில் இலவச டியூஷனும், நூலகத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொடுக்கும் பாடப்புத்தகமும் நன்றாகவே உதவும். காது, கண், கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமல்ல, கை முறிந்தவருக்கும் மாற்றுத்திறனாளிகள் பிரிவு தேர்வில் கூடுதல் நேரம் வாங்கித் தரும். ஆனால் எழுதி முடித்த தேர்வுக்குப் பின்தேதியிட்டு எதுவும் செய்ய மாட்டார்கள். கவுன்சிலரைப் பார்க்க முதல் வாரம் போனால் வரிசையில் நின்று பத்து நிமிடம்தான் கிடைக்கும். நான்காவது வாரத்துக்கு மேல் முன்பதிவு செய்தால் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். போவதற்கு முன், உங்கள் பாடங்களில் எவை பல்கலைக்கழகத்தில் ஏற்கப்படும் என்று காட்டும் 'அசிஸ்ட்' தளத்தில் உங்கள் கல்லூரி, சேர விரும்பும் பல்கலைக்கழகம், பாடப்பிரிவு மூன்றையும் போட்டு வரும் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறி வருபவர்களுக்கு, யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகங்களில் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறும், நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடத்துக்கு உத்தரவாதம் தருகின்றன. அதற்கான விண்ணப்பம் செப்டம்பர் மாதம் மட்டும், ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம். இடம் கிடைத்தபின் கடைசி டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பும்போது 'மதிப்பெண் பதிவாகும் வரை நிறுத்திவை' என்ற பெட்டியைக் குறியிட்டு ஆர்டர் செய்யுங்கள். குறியிடாவிட்டால் வசந்த கால மதிப்பெண் இல்லாத பிரதி போய்ச் சேரும்.