வரிசையை எண்ணாமல் கேட்பது

ஜூலை 4

இரவு, பன்னிரு சுர முறையை வகுத்த இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் ஆர்கெஸ்ட்ரா வேரியேஷன்கள் (ஒரே மெட்டைப் பலவிதமாக மாற்றி எழுதியது), ஓபஸ் 31. பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கை வைத்து கராயன் எழுபதுகளில் செய்த பதிவு. இதே ஆர்கெஸ்ட்ராதான் 1928 டிசம்பரில் ஃபுர்ட்வெங்லர் நடத்த இதை முதன்முதலாக வாசித்தது. அன்று அரங்கில் ஒரே ரகளை. இன்று கேட்டால், ரகளைக்கு இதில் என்ன இருந்தது என்றுதான் தோன்றுகிறது. தொடக்கம் மங்கலாக இருக்கும். நடுவே டிராம்போன் ஒன்று பாக்கின் பெயரெழுத்துகளையே (B-A-C-H, நான்கும் ஜெர்மன் சுரப்பெயர்கள்) சுரங்களாக்கி ஊதிவிட்டுப் போகும். அப்புறம் செல்லோக்கள் மெட்டை எடுக்கின்றன. கராயனிடம் அந்த மெட்டு நன்றாகவே பாடுகிறது. பிராம்ஸ் கேட்டுப் பழகியவர்களுக்கு அதில் அந்நியம் எதுவும் இருக்காது.

மெட்டு முழுவதும் பன்னிரு சுர வரிசையின் (பன்னிரண்டு சுரங்களும் ஒவ்வொரு முறை வரும் அடுக்கு) நான்கு வடிவங்கள்தான், ஒன்றன்பின் ஒன்றாக. ஸ்கோரை, அதாவது அச்சிட்ட இசைக்குறிப்பை, வைத்துக்கொண்டு பென்சிலால் எண் போட்டுக்கொண்டே போகலாம். போட்டேன். ஒவ்வொரு எண்ணும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அந்த நேரத்தில் செல்லோ என்ன செய்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஜூலை 5

அலுவலகத்தில் ஒருவர் கேட்டதால் பன்னிரு சுர முறையை இங்கேயும் எழுதிவைக்கிறேன். பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையில் அடுக்க வேண்டும். ஒன்று மறுபடி வருவதற்குள் மற்ற பதினொன்றும் வந்துவிட வேண்டும். அந்த வரிசையைப் பின்னாலிருந்து வாசிக்கலாம், ஏற்ற இறக்கத்தைக் கவிழ்த்துப் போடலாம், இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். எந்தச் சுரத்திலிருந்தும் தொடங்கலாம் என்பதால் மொத்தம் 48 வடிவங்கள். எந்தச் சுரமும் மற்றவற்றுக்குத் தலைவனாகிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். தம்புராவின் ஸட்ஜத்திலேயே வளர்ந்த காதுக்கு முதலில் உறைப்பது இதுதான். திரும்பிவர ஓர் ஆதார சுருதி இல்லை.

ஜூலை 9

வேபர்னின் சிம்ஃபனி, ஓபஸ் 21. ஷோன்பெர்க்கின் சீடர், இதுவும் 1928-இல் எழுதியதுதான். சிம்ஃபனி என்று பெயர், மொத்தமே பத்து நிமிடம். கிளாரினெட், பாஸ் கிளாரினெட், இரண்டு ஹார்ன், ஒரு ஹார்ப், தந்திக் கருவிகள். டபுள் பாஸ் கிடையாது.

முதல் அரை நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். இரண்டாம் ஹார்ன் நான்கு சுரம் வாசித்து நிறுத்துகிறது. அடுத்த நான்கைக் கிளாரினெட் வாங்கிக்கொள்கிறது, கடைசி நான்கு செல்லோவுக்கு. சற்றுத் தள்ளி முதல் ஹார்ன், பாஸ் கிளாரினெட், வயோலா மூன்றும் அதே பாதையைக் கவிழ்த்து நடக்கின்றன. ஒரே மெட்டுத்தான், நிறம் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. இடையிடையே ஹார்ப் ஒரு சொட்டு.

ராபர்ட் கிராஃப்ட் 1957-இல் நான்கு இசைத்தட்டுகளில் கொண்டுவந்த வேபர்ன் தொகுப்பில் இது வறண்டு கிடக்கிறது. சுரங்கள் இருக்கின்றன, கோடு இல்லை. அந்தத் தொகுப்பு இல்லையென்றால் உலகம் வேபர்னைக் கேட்டிருக்கவே இன்னும் பல காலம் ஆகியிருக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் வேபர்ன் என்றால் ஆய்வுக்கூடம் என்ற எண்ணம் பரவியதில் இதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ஜூலை 10

வீட்டில் விருந்தினர். ஒன்றும் கேட்கவில்லை. இதை ஸ்பீக்கரில் போட்டால் அடுத்த முறை வரமாட்டார்கள்.

ஜூலை 13

புதிதாகக் கேட்பவர்களுக்குக் குரலிலிருந்து தொடங்கச் சொல்வேன். மனிதக் குரல் மூச்சு விட்டாக வேண்டும், அதனால் கோடு அறுந்துபோகாது. இன்று வேபர்னின் முதல் காண்டாட்டா (குரல்களும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த பாடல் தொகுதி), ஓபஸ் 29. ஹில்டெகார்ட் யோனேயின் கவிதைகள். முதல் பாட்டில் மின்னல் வெட்டுகிறது, இதயத்துடிப்பு இடியாகப் பின்தொடர்ந்து பிறகு அடங்குகிறது. கோரஸ் சட்டென்று வெடித்து ஓய்வதிலேயே எல்லாம் வந்துவிடுகிறது. இரண்டாவதில் மேப்பிள் மர விதை ஒன்று சிறகோடு காற்றில் மிதக்கிறது. சோப்ரானோ தாவும் இடைவெளிகள் பயமுறுத்தும். நல்ல பாடகியிடம் அவை தாவலாகவே தெரியாது, காற்றில் அலைவதுபோலத்தான் கேட்கும்.

கிராஃப்ட் தொகுப்பில் பாடியவர்களில் மார்னி நிக்சனும் ஒருவர். ஆம், ஆட்ரி ஹெப்பர்னுக்குப் பின்னணி பாடிய அதே நிக்சன்தான்.

வேபர்ன் இதைக் கேட்கவே இல்லை. நாஜிகள் அவர் இசையை ஒதுக்கிவைத்தார்கள். போர் முடிந்த பிறகு, 1945 செப்டம்பர் 15 இரவு, ஆஸ்திரியாவின் மிட்டர்ஸில்லில் சுருட்டுப் பிடிக்க வெளியே வந்தவரை ஓர் அமெரிக்கச் சிப்பாய் சுட்டுவிட்டார். காண்டாட்டாவை 1946-இல்தான் லண்டனில் பாடினார்கள்.

ஜூலை 18

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும். ஷோன்பெர்க்கின் இன்னொரு சீடர் ஆல்பன் பெர்க்கின் வயலின் கன்செர்ட்டோ, 1936 மே 1, லண்டன். பிபிசி ஆர்கெஸ்ட்ரா, வயலின் லூயி கிராஸ்னர், நடத்தியவர் வேபர்ன். பெர்க் இறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பார்சிலோனாவில் நடந்த முதல் அரங்கேற்றத்தையும் வேபர்ன்தான் நடத்துவதாக இருந்தது. ஒத்திகையிலேயே தாங்க முடியாமல் விலகிவிட்டார், கடைசி நேரத்தில் ஷெர்ஷன் ஏற்றுக்கொண்டார். லண்டன் ஒலிபரப்பின் பதிவு கிராஸ்னரிடமே பல பத்தாண்டுகள் கிடந்து பிறகு வெளிவந்தது.

தட்டு கரகரக்கிறது, ஆர்கெஸ்ட்ரா எங்கோ தூரத்தில் கேட்கிறது. இரண்டு நிமிடத்தில் அது மறந்துவிடும். வேபர்ன் வேகத்தை எவ்வளவு வளைக்கிறார்! வாக்கியம் முடியும் இடத்தில் தயங்குகிறார், அடுத்ததை அவசரமே இல்லாமல் எடுக்கிறார். கணக்குப் போடுகிறவர் நடத்துவதாகத் தெரியவில்லை, பழைய வியன்னாக்காரர் ஒருவர் மாலரை நடத்துவதுபோலத்தான் இருக்கிறது.

பெர்க்கின் வரிசையே வேறு ரகம். மைனர், மேஜர் கார்டுகள் மாறிமாறி ஏறுகின்றன. வயலினின் நான்கு திறந்த தந்திகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. கடைசி நான்கு சுரங்கள் ‘போதும்’ என்று பாடும் பாக்கின் கோரலின் (தேவாலயப் பாட்டின்) முதல் நான்கு சுரங்கள். பதினெட்டு வயதில் போலியோவில் இறந்த மனோன் குரோப்பியஸுக்காக எழுதியது. இரண்டாம் பகுதியில் வயலின் அந்தக் கோரலை எடுக்க, கிளாரினெட்டுகள் தேவாலய ஆர்கன் போலப் பதில் சொல்லும் இடம் இந்தப் பதிவில் மிக மெதுவாகப் போகிறது. மற்ற பதிவுகளில் இங்கே அழகு இருக்கும். இதில் நண்பனைப் பறிகொடுத்தவர் ஒருவர் நிற்கிறார்.

ஜூலை 20

பீட்டர் ஸ்டாட்லன் என்ற பியானோக்காரர் நினைவுக்கு வந்தார். வேபர்னின் பியானோ வேரியேஷன்களை 1937-இல் வியன்னாவில் அரங்கேற்றியவர். வாரக்கணக்கில் வேபர்னே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாராம். பாடுவார், கையை வீசுவார், காலால் தரையில் உதைப்பார். வரிசையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. ஸ்டாட்லனே கேட்டும் சொல்லவில்லை: எப்படி வாசிப்பது என்று தெரிந்தால் போதும், எப்படிச் செய்தது என்று தெரிய வேண்டாம். ஷோன்பெர்க்கும் தன் மைத்துனர் கோலிஷுக்கு 1932-இல் எழுதிய கடிதத்தில் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்.

எழுதியவர்களே இப்படிச் சொல்லியிருக்கும்போது, இசைத்தட்டு உறைகளின் குறிப்புகள் மட்டும் ஏன் எப்போதும் வரிசை அட்டவணையோடு தொடங்குகின்றன? பென்சிலை எடுத்துவைத்துவிட்டேன். அடுத்தது பெர்க்கின் ‘லூலு’ ஓபரா, ஃபிரீட்ரிக் செர்ஹா மூன்றாம் அங்கத்தை முடித்துக்கொடுத்து, 1979-இல் பாரிசில் பூலேஸ் நடத்திய வடிவம். ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைதான் முடியும்.