ஆடிக் காற்றில் ஏறிய வெள்ளிவிழாக் கொடி

1972 ஆகஸ்ட் 15, செவ்வாய்க்கிழமை. சுதந்திரத்தின் வெள்ளிவிழா. தியாகிகளுக்குத் தாமிரப் பட்டயம் வழங்கிய ஆண்டு. அவர்களுக்கான மத்திய அரசு ஓய்வூதியமும் அன்றுதான் தொடங்கியது. நம் கொங்குப் பக்கத்தில் கொடிக்கு இன்னொரு கனமும் உண்டு. சென்னிமலையில் பிறந்த குமரன் 1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில் தடியடிபட்டுச் சாய்ந்தபோதும் பிடித்த கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் பிரிந்தது. அந்த மண்ணில் ஒரு பள்ளிக்கூடக் கொடி விரியாமல் மூட்டையாகத் தொங்கினால் ஊரே முகம் சுளிக்கும்.

ஆகஸ்ட் 15 என்றால் கொங்கு நாட்டில் ஆடிக் கடைசி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று சீறி வரும், கூடவே சாரலும். அன்று எங்கள் பள்ளியில் எந்த ஏற்பாடும் அந்தக் காற்றை நினைத்தே நடந்தது.

கலர்க் காகிதத் தோரணம் கிழக்குப் பக்கத்துக் கட்டட ஓரம் மட்டும். மேற்கே திறந்த வெளியில் தென்னங்குருத்தும் மாவிலையும்தான் தாங்கும். மைதாப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் கலந்தால் கரப்பான் அண்டாது. அது விஷம் என்பதால் சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடுவதில்லை. பசை ஆறிய பிறகே ஒட்ட வேண்டும். சூடாக ஒட்டினால் காகிதச் சாயம் இறங்கிவிடும்.

மாணவர்கள் மூன்று பக்கம் நிற்க, நான்காம் பக்கத்தின் நடுவில் கொடிமரம். பத்துப் பத்துப் பேராக அணி, வரிசைக்கு வரிசை 30 அங்குல இடைவெளி. தலைமையாசிரியரும் மாணவர் தலைவரும் கொடியேற்றுபவரும் கொடிமரத்துக்கு மூன்று எட்டுப் பின்னால் நிற்பார்கள். பெரியவர்களுக்குப் பவானி ஜமக்காளம் விரித்திருக்கும். அதன் நான்கு மூலையிலும் செங்கல் வைக்காவிட்டால் அதுவும் காற்றில் எழும்.

எல்லாவற்றிலும் கடினமானது கொடி கட்டுவது. 6 அடிக்கு 4 அடிக் கதர்க் கொடி. அந்நாளில் கதர் தவிர வேறு துணிக்கு அனுமதி இல்லை. மேசைமேல் விரித்து, காவி எந்தப் பக்கம் என்று இரண்டு பேர் பார்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தலைகீழாகக் கட்டும் தவறு இந்த இடத்தில்தான் நேரும். நீளவாக்கில் விசிறி மடிப்பாக அரையடி அகலத்துக்குக் கொண்டுவந்து, பறக்கும் முனையிலிருந்து கயிற்றுப் பக்கம் நோக்கி மடிக்க வேண்டும். கடைசி இரண்டு மடிப்புக்குள் ஒரு கைப்பிடி உதிரி ரோஜா இதழ். ஈரப் பூ வைக்கக் கூடாது, கதரில் கறை பிடிக்கும். செண்டுமல்லி வேண்டவே வேண்டாம். கைப்பிடிக்கு மேல் போனால் பூவின் கனத்தில் கட்டு ஒருபக்கம் சரிந்து, மேலே போகும்போதே அவிழ்ந்துவிடும்.

கொடியின் மேல்முனைக் கயிறு கப்பி மேல் ஏறிக் கீழே வரும். அது ஏற்றும் கயிறு. கீழ்முனையிலிருந்து நேராகத் தொங்குவது இழுக்கும் கயிறு. இந்த இரண்டாவதைத்தான் மடித்த கொடியைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு வளையத்தை மட்டும் சுற்றுக்கு அடியில் செருக வேண்டும். முடிச்சே போடக் கூடாது. கட்டு உச்சிக்குப் போனதும் ஏற்றும் கயிற்றை மரத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு மற்றதை இழுத்தால் வளையம் உருவிக்கொண்டு வரும், பூ சொரியும். எங்கள் டிரில் மாஸ்டர் ஒத்திகையில் சொல்வார்: "கண்ணு, வெடுக்குனு ஒரே இழுப்பா இழுக்கோணும். பாதி இழுத்துட்டு அண்ணாந்து பாத்துட்டு நிக்கப்படாது."

விருந்தினர் கயிறு மாற்றி இழுப்பது எல்லா ஊரிலும் நடக்கும். அதற்குத்தான் இழுக்கும் கயிற்றில் ஒரு முழம் பூச்சரம் சுற்றுவது. சாரலில் நனைந்தால் நூல் கயிறு ஊதி வளையம் இறுகிவிடும். ஆகவே முந்தின இரவே கட்டி வைப்பதில்லை, விடிந்த பிறகு கட்டி, செருகும் இடத்தில் மெழுகுவத்தி தேய்ப்போம். அப்படியும் சிக்கினால் பலமாக இழுக்கக் கூடாது. இன்னும் இறுகும், கயிறு கப்பியை விட்டுத் தாண்டியும் விடும். கூச்சப்படாமல் இறக்கி, மறுபடி கட்டி ஏற்றுவதே மரியாதை.

விரிந்த கையோடு இழுத்த கயிற்றையும் விறைப்பாகக் கட்டிவிட வேண்டும். தொய்வாக விட்டால் ஆடிக் காற்று கொடியை மரத்தோடு சுருட்டிவிடும், நனைந்த கதர் ஒட்டிக்கொண்டு பிரியாது. பிறகு 52 வினாடியில் தேசிய கீதம். 1970இல் அரசு விழாக்களுக்கு வந்த 'நீராருங் கடலுடுத்த' அப்போது எங்களுக்குப் புதிது; முழுக் கூட்டமும் ஒரே சுருதியில் பாட ஒரு வாரம் பழகினோம். உரைகள், கலை நிகழ்ச்சி, ஆரஞ்சு மிட்டாய் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

இன்று வெளிநாட்டில் நம்மவர் சங்கங்கள் ஏற்றுவது பெரும்பாலும் பாலியஸ்டர் கொடி, நைலான் கயிறு. இரண்டும் வழுக்கும் என்பதால் இரண்டு சுற்றுப் போதாது, மூன்று போடுங்கள், மெழுகு வேண்டாம். பிள்ளைகள் கையில் பிளாஸ்டிக் கொடி கொடுப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். கூட்டம் கலைந்ததும் அவை தரையில் மிதிபடுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. காகிதக் கொடி போதும், அதையும் கடைசியில் எண்ணித் திரும்ப வாங்கிவிடலாம்.

பொழுது சாயுமுன் இறக்குவது அன்று கட்டாயம். ஏற்றும்போது விரைவு, இறக்கும்போது நிதானம். தரையில் படாமல் இரண்டு பேர் ஏந்தி, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, சக்கரம் மேலே தெரியும்படி உள்ளங்கையில் வைத்துக் கொண்டுபோவோம். ஈரமாக இருந்தால் அப்படியே பெட்டியில் வைப்பதில்லை. அலுவலக அறையில் கயிறு கட்டி அதில் இரவு முழுக்க உலர்த்தி, காலையில் மீண்டும் மடித்து, காய்ந்த வேப்பிலையோடு பீரோவில் வைப்பார்கள்.