ஏடிஎச்டி மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே ஃபார்ம்டி டிரக் டெஸ்ட் முடிச்ச அனுபவம்

அமெரிக்காவுல ஃபார்ம்டி, அதாவது ஃபார்மசி டாக்டர் படிப்பு படிக்கிறவங்களுக்கு, அதுலயும் டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரைய தினமும் போடுறவங்களுக்குத்தான் இது. ரொட்டேஷன், அதாவது ஹாஸ்பிட்டல் மாதிரி எடத்துல நேரடிப் பயிற்சி, போறதுக்கு முன்னாடி போதைப்பொருள் இருக்கான்னு பாக்க யூரின் டெஸ்ட் கேப்பாங்க. நாம போகப்போற ஹாஸ்பிட்டலுக்கும் காலேஜுக்கும் இருக்குற ஒப்பந்தத்துலயே பெரும்பாலும் இது இருக்கும், முடியாதுன்னா ரொட்டேஷன் கிடையாது, அவ்ளோதான்.

ஏடிஎச்டிங்கிற கவனக்குறைவுப் பிரச்சினைக்கு நான் சாப்பிடுறது ஆடரால். அது ஆம்ஃபெட்டமினேதான், அதனால பத்து வகைப் பொருளத் தேடுற 10 பேனல் டெஸ்ட்ல கண்டிப்பா காட்டும். கூடப் படிக்கிற பொண்ணு "கொஞ்ச நாள் நிறுத்திடுடி, வம்பு எதுக்கு"ன்னா. நான் நிறுத்தல. தயவுசெஞ்சு நீங்களும் நிறுத்தாதீங்க, பரீட்சை நேரத்துல மருந்த விட்டுட்டு அவதிப்படுறவங்கள பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

லேப்ல ஐடி பாத்தாங்க, பையும் ஜாக்கெட்டும் வெளிய. டாய்லெட் தண்ணி நீலக் கலர்ல இருந்துச்சு, சாம்பிள்ல தண்ணி கலந்துடக் கூடாதுன்னு. கப்ப வாங்குனதும் அதுல ஒட்டியிருக்குற ஸ்ட்ரிப்ல சூடு பாத்தாங்க, 4 நிமிஷத்துக்குள்ள 90–100 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டணும். அப்புறம் என் கண்ணு முன்னாடியே பாட்டில்ல ஊத்தி சீல் ஒட்டி, சீல் மேல என்னையே இனிஷியல் போடச் சொன்னாங்க. என்ன மருந்து சாப்பிடுறீங்கன்னு அங்க யாரும் கேக்கல.

கேட்டது எம்ஆர்ஓ. அதாவது மெடிக்கல் ரிவ்யூ ஆபீசர், அவரும் ஒரு டாக்டர்தான். முதல் டெஸ்ட்ல பாசிட்டிவ்னா, மாஸ் ஸ்பெக்ங்கிற இன்னும் துல்லியமான டெஸ்ட்ல உறுதி பண்ணிட்டு, நமக்குத்தான் முதல்ல போன் வரும், அதனால தெரியாத நம்பர்னாலும் அந்த வாரம் எடுத்துடுங்க. பிரிஸ்கிரிப்ஷன் நம்பர், எந்த ஃபார்மசின்னு கேட்டாரு, அவங்ககிட்ட பேசி சரிபாத்துட்டாரு, காலேஜுக்குப் போன ரிசல்ட்ல "நெகட்டிவ்"னு மட்டும்தான் இருந்துச்சு, மருந்து பேரு கூட இல்ல. எங்க ஹேண்ட்புக்ல பாசிட்டிவ் வந்தா என்ன தண்டனைன்னு அவ்ளோ இருக்கு, இந்த போன் பத்தி ஒரு வரி இல்ல, அத நெனச்சாதான் கோவம் வருது. எல்லா காலேஜுலயும் எம்ஆர்ஓ இருப்பாங்கன்னு சொல்ல முடியாது, முன்னாடியே கேட்டுக்கோங்க.

பயத்துல தண்ணிய குடம் குடமா குடிக்காதீங்க, யூரின்ல இருக்குற கிரியேட்டினின்ங்கிற கழிவுப்பொருள் 20 mg/dLக்குக் கீழ போனா, டைல்யூட், அதாவது ரொம்ப நீர்த்திருக்குன்னு திரும்ப வரச் சொல்லலாம். கஞ்சா மட்டும் வேற கணக்கு, உங்க ஸ்டேட்ல சட்டப்படி ஓகேன்னாலும், மெடிக்கல் கார்டு இருந்தாலும் பெரும்பாலும் ஏத்துக்க மாட்டாங்க. கஞ்சாச் செடியிலருந்து எடுக்குற சிபிடி எண்ணெய்லயும், கஞ்சாவுல போதை தர்ற டிஎச்சி கலந்திருக்கலாம், ரொட்டேஷன் முடியுற வரைக்கும் அது பக்கமே போகாதீங்க.