பட்ட மரம் குப்பையல்ல

பின்லாந்துக் காட்டுயிர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, 4,000 இனங்களுக்கு மேல், பட்டுப்போன மரத்தை நம்பித்தான் வாழ்கின்றன. வண்டு, பூஞ்சை, பாசி என்று ஒரு பெரிய உலகம். 1950களிலிருந்து அங்கே காட்டை மொட்டையடித்து வெட்டி, ஒரே வயது மரங்களாக வளர்க்கிறார்கள். மரம் முதிர்ந்து தானாக விழ நேரமே இல்லை. சுவீடனில், பட்ட மரத்தில் இரை தேடும் வெண்முதுகு மரங்கொத்தி கிட்டத்தட்ட அற்றே போய்விட்டது. இப்போது வெட்டும்போது சில மரங்களை நிற்கவிடுகிறார்கள், அடிமரத்தை மூன்று மீட்டர் உயரம் விட்டு வெட்டுகிறார்கள். நல்லதுதான், ஆனால் போதாது.

பெங்களூரு கப்பன் பூங்காவில் மழைக்கு விழுந்த மரமொன்றின் பட்டைக்குள் எட்டிப் பார்த்தேன். கரையான், பூரான், விசிறி போல் விரிந்த காளான். “குப்பை சார், எடுத்துட்டா தேவலை” என்றார் கூட நடந்த அண்ணாச்சி. எனக்கு மனசே ஆறவில்லை. அல்சூர்ப் பக்கம் விழுந்த மரத்தை வண்டியில் ஏற்றினால் சொல்லுங்கள், ஒரு துண்டையாவது ஓரமாகப் போடச் சொல்லிக் கேட்போம்.