ஆட்டுக்குட்டி கதையில் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

புதுக் கதை மெயிலில் வந்திருக்கிறது. விடியும் முன்னே தாத்தாவோடு பனங்காட்டுக்குப் போகும் ஒரு பேத்தி. தாத்தா பதநீர் இறக்குகிறார், பாட்டி காய்ச்சுகிறார், பொழுது சாய்வதற்குள் கருப்பட்டி. கதை அவ்வளவுதான். நடுவில் பின் அடிக்கிற புத்தகம், 24 பக்கம், நாலு மொழியில் வரப்போகிறது.

என்ன வேலை என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் “படம் வரையறேன்” என்று சொல்லி முடித்துக்கொள்வேன். ஆனால் ஆரம்பத்தில் படமே கிடையாது, பக்கக் கணக்குதான். அச்சுத்தாளை மடித்தால் பெரும்பாலும் எட்டின் மடங்கில்தான் பக்கம் வரும். குழந்தைகள் புத்தகங்கள் 16, 24, 32 என்று நிற்பது அதனால்தான். 24-இல் முதல் பக்கம் தலைப்புக்குப் போய்விடும், கடைசிப் பக்கம் தனியாக நிற்கும். மிச்சம் 11 ஸ்ப்ரெட், அதாவது புத்தகத்தை விரித்தால் சேர்ந்து தெரியும் இரட்டைப் பக்கம். கதையை அதற்குத் தகுந்த மாதிரி வெட்ட வேண்டும். பக்கம் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் குழந்தை “அப்புறம்?” என்று கேட்க வேண்டும்.

கதையில் ஒரு வரி: “தாத்தா நீலக் கட்டம் போட்ட சாரம் கட்டித் தலையில் துண்டு சுற்றியிருந்தார்.” இதைப் படமே சொல்லிவிடும். எடுத்துவிடலாமா என்று எடிட்டருக்கு எழுதியிருக்கிறேன். எழுத்தாளரிடம் நாங்கள் நேராகப் பேசுவது பெரும்பாலும் வழக்கமில்லை. சில சமயம் அது நல்லதற்குத்தான்.

மார்ச் 7, வெள்ளி

ஒப்பந்தம் வந்தது. “எல்லா உரிமைகளும், எல்லா வடிவங்களிலும், எக்காலத்துக்கும்.” எல்லாரும் எங்கிருந்தோ ஒரே தாளை நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள் போல.

புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவு. வெளியிலிருந்து எழுதிக் கொடுக்கும் எழுத்தாளருக்கு அவர் எழுதியது முதலில் அவருடையது. ஓவியத்துக்கு அப்படி இல்லை. ஒருவர் காசு கொடுத்து ஓவியம் வரையச் சொன்னால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபோது, வரையச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். ஆக, “நம்ம ஆளுங்கதானே” என்று எழுத்தில் ஒன்றும் வாங்காமல் வரைந்து கொடுத்தால், பிறகு சண்டை போடக்கூட நமக்கு இடமில்லாமல் போகலாம். 19-ஆவது பிரிவு கொஞ்சம் ஆறுதல். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். இந்த ஒப்பந்தத்தில் ‘எக்காலத்துக்கும்’ என்று போட்டிருப்பது ஏன் என்று இப்போது புரியும். 57-ஆவது பிரிவு மட்டும் எதை விற்றாலும் நம்மோடு இருக்கும்: இதை வரைந்தது நான் என்று சொல்லும் உரிமை, படத்தைச் சிதைத்து என் பேரைக் கெடுத்தால் கேட்கும் உரிமை.

நான் கேட்டது மூன்று. அட்டையில் எழுத்தாளர் பேருக்குப் பக்கத்தில் அதே அளவில் என் பேர். புத்தகத்துக்கு வெளியே படத்தைப் பயன்படுத்தினால் தனித் தொகை. விற்பனையில் ராயல்டி.

மார்ச் 12, புதன்

பதில் வந்தது. முதல் இரண்டுக்கும் சரி, ராயல்டி கிடையாது. மொத்தத் தொகை, மூன்று தவணை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பேர் விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று வீட்டில் கேட்டார்கள். சித்ரா, வ.பா., சங்கர் என்று அம்புலிமாமா இதழ் ஓவியர்களின் பேர்களை நான் தெரிந்துகொண்டது படத்திலிருந்த கையெழுத்தைப் பார்த்துத்தான். தோளில் உடலைச் சுமந்து வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்தவர் சங்கர். 1952-இல் அங்கே சேர்ந்து, அந்த ஒரே வேலையில் பல பத்தாண்டுகள் இருந்தவர். 2020-இல் இறந்தார். அடுத்த வருடம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்த மூலைக் கையெழுத்து மட்டும் இல்லையென்றால் யாருக்குக் கொடுத்திருப்பார்கள்?

இன்று தீப்பெட்டி அளவில் 11 ஸ்ப்ரெட்டும் கிறுக்கினேன். பின் அடித்த புத்தகத்தில் 12, 13-ஆம் பக்கங்கள் மட்டும்தான் ஒரே தாளில் ஒட்டி வரும். மற்ற இடங்களில் நடுவே முகம் வந்தால் மூக்கு காணாமல் போகும். அதனால் பெரிய பனையை அந்த நடுப் பக்கத்துக்கு வைத்தேன். புத்தகத்தை நெட்டுக்குத்தலாகத் திருப்பிப் பிடித்தால் அடியிலிருந்து உச்சி வரை ஒரே மரம். எடிட்டர் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ஆட்டுக்குட்டியும் வந்து சேர்ந்திருக்கிறது. கதையில் அது இல்லை. ஸ்ப்ரெட் 2-இல் வேலியோரம் நிற்கிறது, 4-இல் ஓலைப் பட்டையை மோப்பம் பிடிக்கிறது, 7-இல் தின்றுவிடுகிறது. பதநீர் குடிக்கப் பட்டை இல்லாமல் தாத்தா தேடுவார். வார்த்தைகளுக்கு இது தெரியவே தெரியாது. படிக்கத் தெரியாத குழந்தை மட்டும் கண்டுபிடித்துப் பெரியவர்களிடம் சொல்லும்.

மார்ச் 22, சனி

உடன்குடி. நேற்று ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி, தூத்துக்குடியில் இறங்கி, பஸ் பிடித்து வந்து சேர்ந்தேன். இந்தச் செலவு எந்தத் தவணையிலும் வராது. ஆனாலும் வராமல் முடியாது. கூகுளில் பனை என்று தேடினால் பாதி தென்னை வருகிறது.

தென்னை மாதிரி பனை வளையாது. அடிமரம் பெருத்து, கருத்து, நேராக நிற்கும். ஓலை விசிறி. அலகுப்பனை, பருவப்பனை என்று ஆணும் பெண்ணும் தனித்தனி மரம். நுங்கு பருவப்பனையில் மட்டும்தான். அலகுப்பனையில் விரல் விரலாகப் பாளை தொங்கும். இரண்டிலும் பதநீர் இறக்குகிறார்கள். ஒரே மரத்தில் விரல் பாளையும் நுங்குக் குலையும் சேர்த்து வரைந்துவிட்டால் இந்த ஊர்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பனையேறுகிற பெரியவர் ஒருவர் கூடவே நடக்க விட்டார். மரத்தில் சாய்த்து வைக்கும் முருக்குத்தடி, காலில் மாட்டும் தளைநார், இடுப்பில் பாளை அரிவாள் இருக்கும் பெட்டி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயம். சுண்ணாம்பு இல்லாவிட்டால் விடிவதற்குள் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். நான் கேட்கக் கேட்கச் சொல்லிவிட்டு, அவரே ஒன்று கேட்டார்.

“நீங்க வரையுத படத்துல ஆளு சிரிச்சுக்கிட்டேதான் ஏறுவானோ?”

என் ஸ்கெட்ச் புத்தகத்தில் அப்படித்தான் வரைந்திருந்தது. காட்டினேன். “மேல போனப்பொறம் சிரிக்கட்டும். ஏறுகையில பல்லக் கடிச்சிட்டுத்தான் ஏறணும்” என்றார்.

அவர் நெஞ்சில் மரம் உரசி உரசிக் காய்ப்பு. பாதத்தில் பெருவிரல் மற்ற விரல்களை விட்டு நன்றாக விலகி நிற்கிறது. பாதங்களை மட்டும் ஒரு பக்கம் முழுக்க வரைந்து வைத்திருக்கிறேன்.

விடிலியில், அதாவது காய்ச்சும் குடிசையில், ஒரு அம்மா பதநீர் காய்ச்சுகிறார். கதையில் இது ஒரே வரி, “பாட்டி காய்ச்சினாள்”. நேரில் அரை நாள் வேலை, அடுப்பை விட்டு நகர முடியாது. பொங்கி வரும்போது நசுக்கிய ஆமணக்கு முத்து கொஞ்சம் போட்டார், நுரை அடங்கியது. பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றினார். கதை தாத்தாவுக்கு ஏழு ஸ்ப்ரெட் கொடுத்திருக்கிறது, பாட்டிக்கு ஒன்று. எனக்கு அது சரியாகப் படவில்லை. வரிகளைத் தொடாமல் படத்தில் பாட்டிக்கு இன்னும் ஒன்று எடுத்துக்கொள்ள முடியுமா பார்க்கிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

பென்சில் டம்மி, அதாவது பென்சிலில் வரைந்த மாதிரிப் புத்தகம், அனுப்பினேன். எடிட்டரோடு நீண்ட நேரம் போன்.

திரும்பும் நடுப் பக்கத்துக்குச் சம்மதம். பாட்டிக்கு இரண்டாவது ஸ்ப்ரெட்டும் கிடைத்தது. கட்டம் போட்ட சாரம் வரி போய்விட்டது, எழுத்தாளர் ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஆட்டுக்குட்டி தேவையா என்று விற்பனைப் பக்கம் கேட்கிறார்களாம், “கதையில இல்லாதது எதுக்கு?” என்று. நெஞ்சுக் காய்ப்பைப் பார்த்தால் குழந்தைகள் பயப்படுவார்கள் என்றும் ஒரு கருத்து. நான் பாதத்தை விடமாட்டேன் என்றேன். காய்ப்பைத் துண்டு கொஞ்சம் மறைக்கிற மாதிரி நிறுத்துவதாக ஏற்பாடு. ஆடு நிலுவையில்.

பிறகு உருது. நாலாவது மொழி அதுதான் என்று இன்றுதான் சொன்னார்கள். உருதுப் புத்தகம் வலமிருந்து இடம் போகும், நடக்கிற ஆள் பக்கம் திரும்பும் திசையில் நடக்க வேண்டும், அதனால் படங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்புவார்கள். திருப்பினால் எல்லாரும் இடதுகையால் சாப்பிடுவார்கள், பாட்டியின் முந்தானை வலது தோளுக்குப் போகும். குஜராத்தில் அப்படிக் கட்டுவார்கள், உடன்குடியில் கட்ட மாட்டார்கள். பதநீரை இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்துக் குடிக்க வைத்தேன். எப்படியும் அப்படித்தான் குடிக்கிறார்கள். பாட்டியை அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார வைத்து, முந்தானையை இடுப்பில் செருகிவிட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்கு டம்மியைப் படித்துக் காட்டினேன். ஒருவன் தூங்கிவிட்டான். ஒரு சின்னப் பெண் நடுப் பக்கம் வந்ததும் புத்தகத்தைத் திருப்பாமல் தன் தலையைத் திருப்பிப் பார்த்தாள், பின்னால் இருந்தவர்களும் வரிசையாகத் தலையைச் சாய்த்தார்கள். “தாத்தா ஏன் செருப்பு போடல?” என்று ஒரு கேள்வி. காய்ப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆட்டைக் கண்டுபிடித்தவன் ஒரே ஒருவன். ஆனால் அவன் சொன்னதும் மற்ற எல்லாரும் முதல் பக்கத்திலிருந்து திரும்பப் பார்க்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். எடிட்டரும் வந்திருந்தார். ஆடு இருக்கட்டும் என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 17, வியாழன்

வேறொரு இடத்திலிருந்து விசாரிப்பு. கம்ப்யூட்டரே வரைந்த படம் ஒன்றை அனுப்பி, “இதே ஸ்டைல்ல, இதைவிடக் கம்மி விலைக்கு முடியுமா?” இதைவிட என்றால் எதைவிட? அது ஓசிக்கு வரைந்தது. முடியாது என்று மரியாதையாகப் பதில் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

வண்ணம் தீட்டும் நாட்கள். கூவாஷ் என்கிற கெட்டியான நீர்வண்ணம், தடித்த தாளில். சென்னையின் இந்த வெயிலில் ஃபேன் போட்டால் தட்டில் வண்ணம் காய்கிறது, போடாவிட்டால் நெற்றி வியர்வை படத்தில் விழுகிறது. முழங்கைக்கு அடியில் ஒரு துண்டு. ஐபேடில் போடலாமே என்பார்கள். மற்ற புத்தகங்களுக்குப் போடுகிறேன். இந்தப் பனைமரத்தின் சொரசொரப்பு எனக்குக் காய்ந்த தூரிகையில்தான் வருகிறது.

மே 15, வியாழன்

ஃபைல் அனுப்பியாயிற்று. 600 டிபிஐ-இல் ஸ்கேன், தூசி துடைப்பு, நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டுக்கு விட்டது. எழுத்தெல்லாம் தனிக் கறுப்பில், படத்தின் மேல் உட்காரும். அச்சில் நாலு மை, நாலு பிளேட். படம் திரும்பும் உருதுவைத் தவிர, மொழி மாறும்போது கறுப்புப் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும், மற்ற மூன்றும் அப்படியே. அதனால்தான் படத்துக்குள் எழுத்து எழுத விடமாட்டார்கள். என் கருப்பட்டிக் கடைக்குப் போர்டு உண்டு, பேர் இல்லை. தமிழ் வரிகள் ஆங்கிலத்தைவிட நீளும் என்று வானத்தை ஆரம்பத்திலேயே தாராளமாக விட்டிருந்தேன். நல்லவேளை.

ஜூன் 5, வியாழன்

சிவகாசியிலிருந்து புரூஃப், சரிபார்க்கும் மாதிரி அச்சு. விடிகாலை நீலம் கத்தரிப்பூ நிறத்துக்குப் போயிருக்கிறது. திரையில் தெரிகிற நீலம் அச்சு மையில் வராது, மெஜந்தா என்கிற ரோஸ் மையைக் குறைக்க வேண்டும். அடுப்புத் தீ கொஞ்சம் மங்கல், அதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை. பனைமரக் கறுப்பில் மை அதிகமாகித் தூரிகைக் கோடெல்லாம் அடைந்துபோயிருக்கிறது. பக்கவாரியாகக் குறிப்பு எழுதி அனுப்பினேன். அட்டையில் இரண்டு பேரும் ஒரே அளவு. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்.

மூன்றாவது தவணை அச்சுக்குப் போன பிறகுதான், அதிலும் 10 சதவீதம் டிடிஎஸ் போக. பில் அனுப்பியாயிற்று.

சாயங்காலம் எடிட்டரிடமிருந்து இன்னொரு மெயில். விற்பனைப் பக்கத்துக்கு ஆட்டுக்குட்டி ரொம்பப் பிடித்துவிட்டதாம். புக்மார்க், ஸ்டிக்கர், ஒரு துணிப்பை. “அந்தப் படத்தை மட்டும் தனியா அனுப்ப முடியுமா?” ஒப்பந்தத்தில் புத்தகத்துக்கு வெளியே பயன்படுத்துவது பற்றிய பிரிவைக் குறிப்பிட்டு, அனுப்புகிறேன், தனி பில் வரும் என்று எழுதினேன். தொகை எவ்வளவு என்று உடனே கேட்டிருக்கிறார்கள். துணிப்பையில் ஏறும் ஆட்டுக்குட்டிக்கு என்ன ரேட் என்று எனக்கே தெரியாது. நாளைக்கு நாலு பேரிடம் விசாரித்துவிட்டுச் சொல்ல வேண்டும்.